ஃபெஹீன் எந்தக் கால்ல நொண்டுறான்?

1.

பால் கிரேட்டைத் தூக்குறப்ப அவன் நொண்டல. இந்தக் கதை அங்கேருந்துதான் கிளம்புச்சு.

நான் ஒரு பெட்ரோல் பங்க்ல கடையைப் பாத்துக்கிறவன். அயர்லாந்துல, கில்மோரன்னு ஒரு சின்ன ஊருக்கு வெளியே. இங்க வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. சண்முகம்ங்கிற பேரை இவங்க முதல் வாரமே ஷேன் ஆக்கிட்டாங்க, நானும் விட்டுட்டேன். காலைல பின்பக்கம் பால் வண்டி வரும். அன்னிக்கு எங்கிட்ட வேலை பாக்குற ஃபெஹீன் ரெண்டு கிரேட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, நெஞ்சோட அணைச்சுத் தூக்கிக்கிட்டு, படியை ரெண்டு ரெண்டா தாண்டி உள்ள வந்தான். இருபது வயசு. ரெண்டு காலும் அவ்வளவு கச்சிதமா விழுந்துச்சு. அப்ப முன்பக்கம் கதவு மணி அடிச்சுது. யாரோ காப்பிக்கு வந்துட்டாங்க. அவன் கிரேட்டைக் கீழ வெச்சான், கையைத் துடைச்சான், கவுண்டருக்குப் போனான்.

போறப்ப நொண்டிக்கிட்டே போனான்.

நான் ஃப்ரிட்ஜுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு தயிர் டப்பாவை எண்ணுற மாதிரி நின்னேன். எனக்குத்தான் வெக்கமா போச்சு.

2.

இதை எப்படித் தொடங்கறதுன்னு நிறைய முயற்சி பண்ணேன். முதல்ல எழுதினது இது:

"அயர்லாந்தின் கிழக்குக் கரையோரம், மழையும் கடற்காற்றும் மாறி மாறி வருடும் ஒரு சிற்றூரில்..."

நிறுத்திட்டேன். மழை யாரையும் வருடல, மூஞ்சியில அடிக்குது. எனக்கு அந்தத் தமிழும் வராது.

ரெண்டாவது தடவை எழுதினது கொஞ்சம் பரவால்ல:

"ஃபெஹீன் கார்ட்லனைத் தெரியாதவங்க கில்மோரன்ல கிடையாது. நடக்க ஆரம்பிச்ச வயசுலேருந்து பந்தும் காலுமா இருந்தவன். பதினெட்டு முடிஞ்சதும் இங்கிலாந்துல ஒரு பெரிய ஃபுட்பால் கிளப் ரெண்டு வருஷ ஒப்பந்தம் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போச்சு. அவன் கிளம்பின அன்னிக்கு எங்க ஊர் பசங்க கிளப்ல கேக் வெட்டினாங்க, பாட்டுப் பாடினாங்க, அவனோட ஜெர்சியைக் கண்ணாடிச் சட்டத்துல போட்டு ஹால் சுவத்துல மாட்டினாங்க. இந்த வருஷம் மே மாசம் அந்தக் கிளப்..."

இதுவரைக்கும் சரி. அடுத்த வார்த்தைதான் வர மாட்டேங்குது.

இங்க இவங்க அதுக்கு 'ரிலீஸ்'னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. தமிழ்ல போட்டா 'விடுதலை பண்ணிட்டாங்க'ன்னு வரும். என்னமோ ஜெயில்லேருந்து வெளிய விட்ட மாதிரி. நம்ம வார்த்தை நேர்மையானது. கழட்டி விட்டுட்டாங்க.

(இது எங்க ஊருக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்ல. இந்தத் தீவு முழுக்க சேத்து மைதானத்துல ஓடுற பசங்க எல்லாருக்கும் ஒரே கனவு, கடலைத் தாண்டணும். நிறைய பேர் தாண்டுறாங்க, கொஞ்சம் பேர்தான் அங்க நிலைக்கிறாங்க. மத்தவங்க இருபது, இருபத்தொண்ணு வயசுல திரும்பி வர்றாங்க. போறப்ப ஊரே வழியனுப்பும். வர்றப்ப அப்பா மட்டும் தனியா வண்டியை எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்குப் போவாரு. அந்த வயசுல நம்ம பசங்க காலேஜ் முடிச்சு ஒரு வேலைக்கு முயற்சியே பண்ணிருக்க மாட்டாங்க. இவங்களுக்கு அதுக்குள்ள ஒரு வாழ்க்கை முடிஞ்சு போயிருக்கும்.)

3.

இப்ப அந்த அப்பாவைப் பத்தி. மாலக்கி கார்ட்லன். கூரை ஓடு மாத்துற வேலை பண்றவரு. பேச்சு கம்மி.

ஃபெஹீன் திரும்பி வந்த மறுநாள் காலைல மாலக்கி கடைக்கு வந்தாரு. காப்பி மெஷின் முன்னாடி நாலஞ்சு பேர் நின்னாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல. அவரே ஆரம்பிச்சாரு. "கணுக்கால். கொஞ்ச நாள் வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாங்க." சொல்லிட்டு காப்பிக்குச் சர்க்கரை போட்டாரு. அவர் சர்க்கரை போடுற ஆளே இல்ல.

எல்லாரும் "ஐயோ பாவம், கணுக்கால்னா சும்மாவா"ன்னு தலையாட்டினாங்க.

இதுல என்னன்னா, அந்த இங்கிலாந்து கிளப் யார் யாரை வெச்சுக்கிறோம், யார் யாரை அனுப்புறோம்னு முந்தின வாரமே வெப்சைட்ல போட்டாச்சு. அங்க நின்ன அத்தனை பேரும் அதைப் படிச்சவங்கதான். நானும் படிச்சேன். ஒருத்தர் வாயைத் தொறக்கணுமே. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வெச்சுக்கிறதுதான் இந்த ஊருல மரியாதை. நம்ம ஊருன்னா "என்ன தம்பி, கழட்டி விட்டாங்களாமே"ன்னு பஸ்ஸ்டாண்டுலயே கேட்டு, அழவெச்சு, டீயும் வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாங்க. எது நல்லதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

முதல் தடவை எழுதுறப்ப மாலக்கியைப் பெருமைக்கார மனுஷனா எழுதினேன். பையன் தோத்துட்டான்னு சொல்ல மனசில்லாம ஊரை ஏமாத்துறவரா. ரெண்டு பக்கம் நல்லா வேகமா போச்சு. அப்புறம் அடிச்சுட்டேன். ஏன்னா வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஃபெஹீன் சின்னப் பையனா இருந்தப்ப டப்ளின்ல பயிற்சிக்குப் போவான். கூரை வேலை முடிச்சு வந்து அந்த மனுஷன்தான் ஓட்டிக்கிட்டுப் போவாரு. பயிற்சி முடியற வரைக்கும் வேனுக்குள்ள ஃபிளாஸ்க்கை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. மைதானத்துப் பக்கம் இறங்கிக்கூட வர மாட்டாராம். ஏன்னு ஒருநாள் கேட்டேன். "நான் பாக்குறேன்னு தெரிஞ்சா பந்தை விட்டுட்டு என்னைப் பாக்குறான்"னாரு.

இப்படிப்பட்டவர் பெருமைக்காகப் பொய் சொல்லல. மழையில நனையற பையன் மேல கோட்டைத் தூக்கிப் போடுற மாதிரி அந்தப் பொய்யைப் போட்டாரு. மழை நின்னாச்சு. இப்ப கோட்டைக் கழட்ட ரெண்டு பேருக்கும் தெரியல.

இன்னொண்ணும் கவனிச்சேன். ரெண்டு பேரும் சேந்து ரோட்டுல நடக்குறப்ப மாலக்கி தன் நடையைக் குறைச்சுக்கிறாரு. அந்த நொண்டல் பொய்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும். அப்படியும் அதுக்கு ஏத்த மாதிரி மெதுவா நடக்குறாரு.

4.

கொஞ்ச நாள் கழிச்சு ஃபெஹீன் எங்கிட்ட வேலை கேட்டான். ரொட்டியைக் கீறி, சிக்கன் வெச்சு, சாஸ் போட்டுக் குடுக்கிற கவுண்டர்ல நிறுத்தினேன். அவன்கிட்ட இருக்கிறதெல்லாம் அந்த இங்கிலாந்து கிளப் குடுத்த ட்ராக்சூட்தான். நெஞ்சுல கிளப் முத்திரை, பக்கத்துல அவன் பேரோட முதல் எழுத்து ரெண்டும். ரெண்டு வருஷமா வேற துணி வாங்க வேண்டிய தேவையே வரல போல. ஏப்ரனைக் கழுத்து வரைக்கும் ஏத்திக் கட்டுவான், அது தெரியாம.

(பாருங்க, 'வேலை குடுத்தேன்'னு எழுதாம 'வேலை கேட்டான்'னு எழுதியிருக்கேன். நல்லவனா தெரியணும்னு ஆசை, அதை அடக்கமா காட்டிக்கணும்னு இன்னொரு ஆசை. உண்மை என்னன்னா எனக்கு ஆள் இல்லாம இருந்துச்சு.)

ஒருநாள் ஒல்லி வந்தாரு. ஊர் பசங்க கிளப்பை நடத்துறவரு, ஃபெஹீனுக்குப் பந்தை உதைக்கக் கத்துக் குடுத்ததே அவர்தான். வெப்சைட்ல வந்ததைத் தன் போன்ல எனக்குக் காட்டி, கண்ணைத் துடைச்சுக்கிட்டவரும் அவர்தான். கவுண்டர்ல வந்து நின்னாரு.

"கணுக்கால் எப்படிடா இருக்கு?"

"பரவால்ல ஒல்லி. மெதுவாத்தான் ஆகும்."

"மெதுவாவே ஆகட்டும். உனக்கென்ன அவசரம், எனக்கு இருக்கிற முட்டியைப் பாரு, கல்யாணத்துக்கு முன்னாடி போனது இன்னும் வரல. ஏய், அந்த வெங்காயத்தை என்ன எண்ணி எண்ணிப் போடுற, ஷேன் சம்பளத்துல பிடிக்கிறானா?"

அப்புறம் விஷயத்துக்கு வந்தாரு. வருஷா வருஷம் ஜூன் கடைசியில சின்னப் பசங்களுக்கு மெடல் குடுக்கிற விழா நடக்கும். இங்கிலாந்துக்குப் போன பையன் வந்து குடுக்கிறதுதான் வழக்கம். போன ரெண்டு வருஷமும் ஃபெஹீன்தான் குடுத்தான். இந்த வருஷமும் நீதான்னு ஒல்லி சொன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா யோசிச்சா அவருக்கும் வேற வழி இல்ல. கூப்பிடாம விட்டா, எங்களுக்குத் தெரியும்டான்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடும். அவனைக் காயப்படுத்தக் கூடாதுன்னுதான் அவனை மேடை ஏத்தறாங்க. இப்படி ஒரு தப்பை இந்த ஊர்க்காரங்களால மட்டும்தான் பண்ண முடியும். இவ்வளவு அன்பா.

ஃபெஹீன் சரின்னான். ஒல்லி வெளிய போறப்ப எங்கிட்டக் குனிஞ்சு சொன்னாரு. "ஹால்ல நாற்காலி போடுறது நீதானே ஷேன். மேடையில ஒண்ணு போட்டுடு. இவ்வளவு நேரம் நின்னா பையனுக்குக் கால் தாங்காது."

சொல்றப்ப என் கண்ணைப் பாக்கல. நானும் சரின்னேன்.

5.

இந்த இடத்துல, இதனால யாருக்கு என்ன நஷ்டம், பையன் கொஞ்ச நாள் நொண்டிட்டுப் போறான்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

பக்கத்து டவுன்ல ரெண்டாம் டிவிஷன் கிளப் ஒண்ணு இருக்கு. பெரிய பணம் கிடையாது, ஆனா நிஜமான ஆட்டம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜனங்க காசு குடுத்துப் பாக்க வர்றாங்க. இங்கிலாந்துலேருந்து வந்த பசங்க நிறைய பேர் அங்க ஆடித்தான் மறுபடி எழுந்திரிச்சிருக்காங்க. அந்தக் கிளப்போட கோச் ஃபெஹீனுக்குப் போன் பண்ணியிருக்காரு. வலது ஓரத்துல ஆட ஆள் வேணும், திங்கக்கிழமை வா, பந்தை எடுத்துக்கிட்டு ஓடிக் காட்டு, போதும்.

ஃபெஹீன் என்ன சொன்னான் தெரியுமா. கணுக்கால்னான்.

கோச் நல்ல மனுஷன். திங்கக்கிழமைக்குள்ள சரியாச்சுன்னா சொல்லு, இல்லன்னா வேற ஒரு பையனைப் பாத்து வெச்சிருக்கேன், அவனை எடுத்துப்பேன்னு சொல்லியிருக்காரு. இதை ஃபெஹீனே எங்கிட்டச் சொன்னான், சாஸ் பாட்டிலைத் துடைச்சுக்கிட்டே, யாருக்கோ நடந்த மாதிரி.

விழா வெள்ளிக்கிழமை. ஊரு முன்னாடி மேடையில நாற்காலி போட்டு உக்காந்தவன் திங்கக்கிழமை எப்படிப் போய் ஓடுவான்?

அந்த வாரத்துலதான் இன்னொண்ணு பாத்தேன். செவ்வாய்க்கிழமை வலது கால்ல நொண்டினான். வியாழக்கிழமை இடது கால்ல.

இங்க நான் எழுதி வெச்சிருந்த வசனம் இது: "நான் அவன் தோள் மேல கையை வெச்சு, 'ஃபெஹீன், செவ்வாய்க்கிழமை அந்தக் கால் இல்லப்பா'ன்னு சொன்னேன். அவன் கண்..."

அடிச்சாச்சு. நான் அப்படி ஒண்ணும் சொல்லல. நான் சொன்னது, "கணுக்கால் எப்படி இருக்கு?" தினமும் காலைல கேக்குறதை அன்னிக்கும் கேட்டேன்.

6.

இந்தக் கதையை ஏன் தமிழ்ல எழுதுறேன்? எனக்கு அதுதான் வரும்ங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம், கில்மோரன்ல இதைப் படிக்க ஒரு ஆள் கிடையாது. என் பொண்ணுக்குக்கூடப் பேசத்தான் தெரியும். ஒருத்தனோட அவமானத்தை அவன் பக்கத்துலயே உக்காந்து, அவனுக்குப் புரியாத எழுத்துல எழுதிக்கிட்டிருக்கேன். இதுக்குப் பேரு இலக்கியமா, புறம் பேசுறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

வியாழக்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம். பின்னாடி ஸ்டோர்ல பால் கிரேட்டு மேல உக்காந்து பில் தாளுக்குப் பின்பக்கம் எழுதிக்கிட்டிருந்தேன். நிமிந்தா அவன் நிக்கிறான்.

"என்ன எழுதுறீங்க?"

(அவன் பேசுறது இங்கிலீஷ்ல. நீ, நீங்கங்கிற வித்தியாசமெல்லாம் அங்க கிடையாது. இந்த 'ங்க' நானா எனக்குப் போட்டுக்கிட்ட மரியாதை. அடிக்கலாமான்னு பாத்தேன். இருக்கட்டும், மனுஷன் லட்சணம் தெரியட்டும்.)

"கதை"ன்னேன்.

"யாரைப் பத்தி?"

"கொஞ்சம் உன்னைப் பத்தி."

கோவப்படுவான்னு பாத்தேன். பக்கத்துல இன்னொரு கிரேட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்தான். இதுல என் பேரு எதுன்னு கேட்டான். காட்டினேன். விரலால அது மேல ஒருதரம் ஓட்டிப் பாத்தான்.

"எல்லாம் சுருண்டு சுருண்டு இருக்கே. இதுல நான் நொண்டுறேனா?"

"ம்."

"எந்தக் கால்ல?"

"ரெண்டுலயும்."

சிரிச்சுட்டான். வந்ததுலேருந்து அவன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நல்ல சிரிப்பு, மேல் பல் ஒண்ணு கொஞ்சம் உடைஞ்சிருக்கு. சிரிச்சு முடிச்சதும் ரெண்டு காலையும் நீட்டி, ஷூ நுனியையே பாத்துக்கிட்டிருந்தான்.

"அப்பா வர்றாரா கதையில?"

"வர்றாரு. கணுக்கால்னு சொல்றாரு."

"நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு, ஷேன். ஏர்போர்ட்டுலேருந்து வர்ற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. வீட்டு வாசல்ல எதிர்வீட்டுக்காரர் கையாட்டினாரு. அப்பா ஜன்னலை இறக்கி, கணுக்கால்னு சொல்லிட்டாரு. அந்த ஆள் அங்கேயே நின்னு பாத்துக்கிட்டிருக்காரு. நான் வண்டியை விட்டு இறங்கணும். எப்படி இறங்குறது?"

நான் பேனாவை மூடி வெச்சேன்.

"இப்ப நான் நேரா நடந்தா அவரு பொய்யர் ஆயிடுவாரு. என் அப்பா வாழ்க்கையில பொய் சொன்னதே இல்ல. இந்த ஒண்ணுதான்."

கதவு மணி அடிச்சுது. எழுந்தான். கதவுகிட்ட போய்த் திரும்பி, முடிவு என்னன்னு கேட்டான். தெரியலன்னேன். அப்ப வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எழுதுங்கன்னு சொல்லிட்டுப் போனான்.

எந்தக் கால்னு நான் பாக்கல. வேணும்னேதான் பாக்கல.

7.

வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எழுதச் சொன்னான். நான் முன்னாடியே எழுதுறேன். ஏன்னா அப்புறம் எழுதினா, அந்த நாற்காலியை நான் என்ன பண்ணேங்கிறதையும் எழுதியாகணும்.

முடிவுகளைப் போட்டுப் பாத்தேன்.

ஒண்ணு: ஃபெஹீன் மேடைக்கு நேரா நடந்து வந்து மைக்கைப் பிடிச்சு, "என்னைக் கழட்டி விட்டுட்டாங்க"ன்னு சொல்றான். ஹால் ஒரு நிமிஷம் அடங்குது, அப்புறம் கைதட்டுது. சினிமால நல்லா இருக்கும். ஆனா அவன் அப்பா அந்தக் கைதட்டலுக்கு நடுவுல உக்காந்திருப்பாரே. அவரு எங்க பாப்பாரு?

ரெண்டு: நொண்டிக்கிட்டே ஏறுறான், நாற்காலியில உக்காந்து மெடல் குடுக்கிறான். எல்லாரும் அன்பா கைதட்டறாங்க. திங்கக்கிழமை வேற ஒரு பையன் வலது ஓரத்துல ஓடறான். ஃபெஹீன் எங்கிட்டயே ரொட்டி கீறிக்கிட்டிருக்கான். எனக்கும் ஆள் தேட வேண்டியதில்ல. (இந்த வரியை எழுதினப்பதான் என்னைப் பாத்து எனக்கே பயமா இருந்துச்சு. அதனால விட்டு வெச்சிருக்கேன்.)

மூணு: மாலக்கி எழுந்து...

மாலக்கி எழுந்து என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியல. எத்தனையோ தடவை எழுந்திரிக்க வெச்சேன். மனுஷன் எழுந்துட்டு எழுந்த இடத்துலயே நிக்கிறாரு.

8.

இப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஹால்லேருந்துதான் போன்ல தட்டிக்கிட்டிருக்கேன். வெளிய இன்னும் நல்ல வெயில், இந்த மாசத்துல இங்க இருட்டவே இருட்டாது. ஒல்லி சமையல்கட்டுல சாசேஜ் வறுத்துக்கிட்டு, தீய விட்டுட்டுத் திட்டிக்கிட்டிருக்காரு. நீல ரிப்பன் போட்ட மெடலெல்லாம் மேசையில வரிசையா இருக்கு. சுவத்துல ஃபெஹீனோட ஜெர்சி. கீழ ஜனங்களுக்கு நாற்காலி எல்லாம் போட்டாச்சு.

மேடைக்குன்னு எடுத்து வெச்ச நாற்காலி ஒண்ணு மட்டும் மிச்சம். அதை மேடை நடுவுல விரிச்சு, அது மேல நானே உக்காந்திருக்கேன். உக்காந்துதான் இதை எழுதுறேன்.

நான் எழுந்துட்டா இது அவனுக்குப் போட்ட நாற்காலி. மடிச்சுக் கீழ கொண்டு போயிட்டா, ஷேனுக்குத் தெரியும்னு ஊருக்குத் தெரிஞ்சு போயிடும். இத்தனை வருஷத்துல இந்த ஊரு எனக்குக் குடுத்த ஒரே பட்டம் 'ஷேன் நம்ம ஆளு'. நம்ம ஆளுன்னா தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வெச்சுக்கிறவன்.

சமையல்கட்டுலேருந்து ஒல்லி குரல் குடுக்கிறாரு. "ஷேன், நாற்காலி போட்டாச்சா?"

நான் போன்ல தட்டிக்கிட்டே இருக்கேன்.

வெளிய சரளைக்கல்லுல ஒரு வண்டி வந்து நிக்குது. மாலக்கியோட வேன்தான், அந்த எஞ்சினோட இருமல் எனக்குத் தெரியும். ஒரு கதவு சாத்துற சத்தம். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு கதவு.

ஜன்னல் என் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. நான் திரும்பப் போறதில்ல.

ரெண்டு பேர் நடந்து வர்றாங்க. சரளைக்கல்லு நல்லாவே சத்தம் போடுது. நான் போனையே பாத்துக்கிட்டிருக்கேன், நீங்க கொஞ்சம் காதைக் குடுங்க. மாலக்கி பூட்ஸ் கனமா விழும், அதை விட்டுடுங்க. இன்னொண்ணு, அந்த லேசான நடை. அதுல ரெண்டு காலும் ஒண்ணு போல விழுதா, ஒரு கால் தேயுதா?

சீக்கிரம் சொல்லுங்க. நான் எழுந்திரிக்கணும்.